சாப்பிட்டால் விழுகிற மனிதர்

பசி வந்த பிறகு சாப்பிடுவது பிந்திய வேலை என்பார் அவர். நான் மன்னாரில் வாய்க்கால்களுக்கும் துருசு என்கிற குளத்து மதகுகளுக்கும் பொறுப்பான பொறியியலாளராக இருந்த ஆறு வருடமும் என் ஜீப்பை ஓட்டியவர். தாராபுரத்துக்காரர். என்னிலும் நாலைந்து வயது மூத்தவர். கந்தோரில் எல்லோரும் அண்ணன் என்கிற பொருளில் நானா என்று கூப்பிட்டார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அவருடைய சட்டைப்பையில் பழைய கைத்தொலைபேசி ஒன்று இருக்கும். காலை பத்தேகாலுக்கு ஒருமுறை, பின்னேரம் மூன்று மணிக்கு ஒருமுறை அது மணியடிக்கும். அடித்தால் எந்த வெளியென்றாலும் வாகனத்தை ஓரமாக்கிவிடுவார். ஆசனத்துக்குப் பின்னால் இருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுப்பார். உள்ளே அவித்த முட்டை இரண்டு, ஒரு கை வறுத்த கச்சான் கடலை, சில நாட்களில் வாழையிலையில் சுற்றிய பொரித்த மீன் துண்டு. முட்டையை நாலாகப் பிரித்து, மருந்து குடிக்கிறவரின் முகத்தோடு ஒவ்வொரு துண்டாக மெல்லுவார். திறந்தவுடன் முதலில் டின்னை என் பக்கம் நீட்டுவது வழக்கம். நான் வேண்டாம் என்பதும் வழக்கம். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். "போவம் சேர்" என்று சாவியைத் திருப்புவார்.

கந்தோரில் நிற்கும் நாட்களில், வாகனக் கொட்டகையடியில் நின்று கச்சான் உடைப்பார். கோதுகளைத் தின்ன ஒரு கழுதை வரும். மன்னாரில் கழுதைகளுக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஆனால் இந்தக் கழுதை பத்தேகால் மணியைப் பழகிவிட்டது. பிரதம லிகிதர் யன்னலால் எட்டிப் பார்த்து, "நானா, உங்கட ஆள் வந்து நிக்கிறார்" என்பார்.

"ஓம். இந்தக் கந்தோருக்கு நேரத்துக்கு வாற ஒரே உத்தியோகத்தர் அவர்தான்" என்பார் இவர், கோதைப் போட்டபடி.

ஆரம்பத்தில் எனக்கு இந்தச் சாப்பாடு எரிச்சலாகவே இருந்தது. பகல் சாப்பாட்டைத் தவறவிடுவதைக் கடமை உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். துருசடியில் வெயிலில் நின்று, மூன்று மணிக்கு ஒரு தேத்தண்ணியோடு சமாளித்துவிட்டு, அதை வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்லுவேன். அப்படிப்பட்டவனுக்கு, மணி வைத்துச் சாப்பிடுகிற மனிதர் வயிற்றுக்குப் பிறந்தவராகத்தானே தெரிவார்.

அவருடைய சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் கலியாணத்தில் அந்த எண்ணம் இன்னும் கெட்டியாயிற்று. அவர்களுடைய வழக்கப்படி ஒரு பெரிய தட்டில் சோறு வைத்து, அதைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். சஹன் என்பார்கள். நடுவில் இருக்கும் இறைச்சியை மூத்தவர் பிரித்துப் போடும்வரை மற்றவர்கள் சோற்றில்தான் கை வைப்பார்கள். இவர் உட்கார்ந்த கையோடு ஒரு கோழித்துண்டை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார். எதிரே இருந்த ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சிரித்தார். வட்டிலப்பம் வந்தபோது இவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். இறைச்சிக்கு முந்துகிறார், இனிப்பைக் கண்டால் ஓடுகிறார், என்ன மனிதர் இவர் என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில் அவராகவே சொன்னார். "சேர் பார்த்துக்கொண்டிருந்தனீங்கள். எனக்கு வெறும் வயித்தில முதல் சோறு போகக்கூடாது. முதல் முட்டையோ மீனோ இறைச்சியோ போகவேணும். பிறகுதான் சோறு, அதுவும் அரைவாசி."

"சீனி வருத்தமோ?"

"இல்லை சேர். அதுக்கு மற்றப் பக்கம்."

அன்று பாலத்தடியில் வாகனத்தை நிறுத்தி அவர் சொன்ன விளக்கத்தை, பின்னால் எந்த வைத்தியரும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. "கட்டுக்கரைக் குளத்தை எடுங்கோ சேர். கொஞ்சம் தண்ணி கூடிவந்தால் நீங்கள் எவ்வளவு துருசு திறக்கிறதெண்டு பார்த்துத் திறப்பீங்கள். எண்ட உடம்புக்குள்ள இருக்கிற ஓவசியர் பயந்தவர். கொஞ்சம் இனிப்பு வந்தவுடன குளம் உடைக்கப்போகுது எண்டு நினைச்சு எல்லாத் துருசையும் திறந்துவிட்டிடுவார். ரெண்டு ரெண்டரை மணித்தியாலத்தில குளம் வத்திப்போகும். பிறகு நான் கை நடுங்கி, வேர்த்து, என்ன கதைக்கிறன் எண்டு தெரியாமல் நிப்பன்."

இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில் வயிற்றுப் புண்ணுக்கு அவருக்குச் சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்தது இது. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் நடுங்கி விழுவார். ஓடிவந்தவர்கள் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி பருக்குவார்கள். எழும்புவார். அந்தச் சீனிக்கே திரும்பவும் இரண்டு மணித்தியாலத்தில் விழுவார். ஜின் பிடித்திருக்கிறது என்று ஓதி நூல் கட்டினார்கள். காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். கடைசியில் ஓர் இளம் வைத்தியர், பெண்பிள்ளை, இனிப்புத் தண்ணீர் குடிக்கவைத்து அரைமணிக்கு ஒருதரம் இரத்தம் எடுத்துப் பார்த்தாராம்.

"மூண்டாவது மணித்தியாலம் நான் டொக்டரம்மாவைப் பார்த்து, மாமி, மாட்டை அவிட்டுக் கட்டுங்கோ எண்டனாம். அதோட நோய் பிடிபட்டுது" என்று சிரித்தார்.

அவர் அதைச் சொல்லித் திரிகிறவர் அல்ல. என்னிடம் சொன்னதற்கு ஒரே காரணம், நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து பயணம் செய்கிறவன். "தற்செயலா நான் ஒரு மாதிரி நடந்தால், சேர், முதல் இந்தப் பேரீச்சம்பழம் ரெண்டைத் தாங்கோ. பிறகு முட்டை. இனிப்பு தூக்கிவிடும், முட்டைதான் பிடிச்சுவைக்கும்." அவ்வளவுதான் எனக்கு அவர் தந்த பொறுப்பு. கஷ்டமான பொறுப்பல்ல.

மற்றவர்களுக்கு விளங்காத ஒன்று இருந்தது. அவர் முப்பது நோன்பும் பிடிப்பார். பகல் முழுக்க ஒன்றும் வாயில் வைக்காமல் முசலிப் பக்கத்து வெயிலில் வாகனம் ஓட்டுவார். ஒரு நடுக்கமும் வராது. நோன்பு திறக்கும்போதுதான் அவருக்குப் பயம். எல்லோரும் சர்பத்தை மடக்குமடக்காகக் குடிக்கையில் இவர் ஒரு பேரீச்சம்பழத்தைப் பாதியாகக் கடித்து, தண்ணீர் குடித்து, கஞ்சிக்குள் இறைச்சி தேடிக்கொண்டிருப்பார். "பட்டினி என்னை ஒண்டும் செய்யாது சேர். சாப்பிட்டால்தான் விழுவன். அல்லாஹ் சிலரை இப்பிடியும் செய்து பார்க்கிறான்."

இவ்வளவும் எனக்குத் தெரியும். இதைத் தெரிந்துகொண்டுதான் நான் செய்ததைச் செய்தேன். அதனால்தான் இவ்வளவு விபரமாகச் சொல்கிறேன்.

அந்த வருடம் கட்டுக்கரைக்குக் கீழே நல்ல விளைச்சல். நான் தண்ணீரைக் காலத்துக்கு விட்டதால்தான் என்று கமக்காரர் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன். முதல் வெட்டிய நெல்லைக் குத்திப் புதிர்ப் பொங்கல் பொங்கும் நாளில் என்னை வரச்சொல்லி, கமக்காரர்களின் தலைவர் வீட்டுக்கு வந்து அழைத்தார். நான் அதே பக்கத்து வேளாண் குடும்பத்தில் பிறந்தவன். புதிர் எனக்குச் சாப்பாடல்ல. வருடத்தின் முதல் மரியாதை.

பதினொன்றரை மணிக்குப் பந்தலில் இலை போட்டார்கள். நானாவையும் கூப்பிட்டு என் பக்கத்தில் இருத்தினார்கள். தலைவரின் மனைவி ஒரு சிறு பானையோடு அவரிடம் நேராக வந்தார்.

"தம்பி, இது படைக்க முன்னம் உங்களுக்கெண்டு வேற பானையில அள்ளி வைச்சது. சாமிக்குக் காட்டேல்ல. பயப்பிடாமல் சாப்பிடுங்கோ."

அவர் எழுந்து நின்று அந்த அம்மாவுக்கு நன்றி சொன்னார். சர்க்கரையும் பயறும் நெய்யுமாய் இலை நிறையப் பொங்கல் புக்கை விழுந்தது. அவர் இரண்டு விரலால் ஒரு கிள்ளு எடுத்து வாயில் வைத்துவிட்டு, இலையை மெல்ல முன்னால் தள்ளினார்.

"போதும் அம்மா. புதிர் வாயில வைச்சிட்டன்."

பந்தலில் பேச்சு நின்றது. ஒரு கிழவர், "அதுகளுக்கு எங்கட பொங்கல் இறங்காது" என்று யாருக்கும் சொல்லாததுபோலச் சொன்னார். அந்த அம்மா பானையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். வேறு பானை தேடிப் பொங்கி எடுத்து வைத்திருந்த அவருடைய முகம் எனக்குத் தாங்கவில்லை. எனக்குக் காரணம் தெரியும். நான் வாய் திறந்து இரண்டு சொல் சொன்னால் போதும். ஆனால் அந்த நேரம் எனக்கும் அவமானமாகிவிட்டது. என் ஆட்களுக்கு முன், என் வாகனக்காரர் என்னோடு வந்து இப்படி. நான் சொன்னது இது:

"என்ன நானா, தனியா எடுத்து வைச்சும் ஆகாதோ? எங்கட பொங்கல் உங்களுக்கு அவ்வளவு ஹராமோ?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப் பார்வை அல்ல. கணக்குச் சரியாக வருகிறதா என்று பார்ப்பதுபோல ஒரு பார்வை. பிறகு இலையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அந்த அம்மா இன்னொரு அகப்பை போட்டார். அதையும் சாப்பிட்டார். "நல்ல பொங்கல் அம்மா, எங்கட வீட்டிலயும் இப்பிடி வராது" என்றார். பந்தல் பழையபடி கலகலப்பானது. கை கழுவும் இடத்தில் அவர் தொலைபேசியை எடுத்து ஏதோ அழுத்துவதைக் கண்டேன். புதிதாக ஒரு மணி வைக்கிறார் என்று விளங்கியது.

புறப்பட ஒரு மணியாகிவிட்டது. புத்தரிசி மூட்டை, பூசணிக்காய், வாழைக்குலை என்று பின்னாசனம் முழுக்க ஏற்றிவிட்டார்கள். எனக்கு இரண்டரைக்கு அரசாங்க அதிபரின் கச்சேரியில் கூட்டம். ஒன்றரைக்கு அவருடைய சட்டைப்பையில் மணி அடித்தது.

"சேர், டின் மூட்டைக்குக் கீழ போயிட்டுது. பேரீச்சம்பழமும் அதுக்குள்ளதான். ஒரு அஞ்சு நிமிசம் இறக்கி எடுத்திட்டுப் போவம்."

"பாலத்தைத் தாண்டிப் போய் எடுங்கோ நானா. பிந்திப்போச்சு."

"இண்டைக்கு இனிப்புக் கூட சேர்."

"ஒரு பொங்கல் சாப்பிட்டதுக்கு இவ்வளவு கதையோ? முதல் அந்த மணியை நிப்பாட்டுங்கோ."

மணியை நிறுத்தினார். உயிலங்குளத்தடியில் ஒரு கடைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தார். நான் கையால் முன்னே போகச் சொல்லிக் காட்டினேன். அதன்பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் கொட்டாவி விட்டார். பிறகு மேலுதட்டில் வேர்வை. கூட்டத்துக்கான கடதாசிகளைப் புரட்டிக்கொண்டு, கண்டும் காணாததுபோல இருந்தேன். கடலுக்கு நடுவே தீவுக்குப் போகும் நீண்ட பாதையில் ஏறியபோது, கூட்டம் எந்த மண்டபத்தில் என்று கேட்டேன். "மாடு அவிட்டாச்சு" என்றார். அவர் முன்பொருநாள் சிரித்துச் சொன்ன அதே மாடு. கொட்டாவி விட்டபோதாவது நான் வாகனத்தை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நான் அவரைத் திரும்பிப் பார்த்து முடிவதற்குள், ஜீப் இடப்பக்கம் சாய்ந்து, முன்னால் போன மீன் வியாபாரியின் சைக்கிளை இடித்து, கல்லுக்கட்டில் ஏறி நின்றது.

அந்த மனிதர் பாய்ந்துவிட்டார். முழங்கை உரஞ்சியது, வேறொன்றுமில்லை. பெட்டியில் இருந்த மீன் பாதை முழுக்கச் சிதறியது. நானா இறங்கி மீன்களுக்கு நடுவே உட்கார்ந்தார். நான் தூக்கப் போனால் கையைத் தட்டிவிட்டு, நாக்குத் தடித்து, என்னவோ ஏசினார். பிறகு சிரித்தார். வாகனங்கள் நின்றன. ஒருவர் குனிந்து அவருடைய வாயை மணந்து பார்த்தார்.

"மணம் ஒண்டும் இல்லை."

"இப்ப மணக்காத சாமானும் வருதுதானே" என்றார் இன்னொருவர்.

அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. மூட்டைகளை இழுத்து டின்னைத் தேடவும் எனக்குத் தோன்றவில்லை. பேருந்தில் இருந்து இறங்கிய ஒரு பெண்தான் தன் பிள்ளையின் சோடாப் போத்தலை அவர் வாயில் வைத்தார். பத்து நிமிடத்தில் அவருடைய கண் தெளிந்தது. முதலில் கேட்டது, "ஆருக்கும் அடிபட்டதோ?" இரண்டாவது, "சேர், முட்டை."

பொலிஸ் வேண்டாம் என்று மீன்காரரிடம் நான்தான் கெஞ்சிக் கேட்டுச் சமாளித்தேன். நானாவுக்காகச் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொலிஸ் வந்திருந்தால் ஊதிப் பார்த்திருப்பார்கள். அவர் சுத்தமானவர் என்பது அந்த இடத்திலேயே எழுத்தில் இருந்திருக்கும். அந்த ஒரே அத்தாட்சியையும் இல்லாமல் செய்துவிட்டு, கந்தோருக்கு வேறு சாரதியை அனுப்பச்சொல்லித் தொலைபேசியில் சொல்லிவிட்டு, வழியில் வந்த ஒரு வாகனத்தில் ஏறிக் கூட்டத்துக்குப் போனேன். பத்து நிமிடம்தான் பிந்தினேன்.

ஜீப்பின் முன்பக்கம் நசுங்கியதால் விசாரணை வந்தது. வந்த அதிகாரி பண்பாகவே கேட்டார்.

"உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கோ?"

"இல்லை சேர்."

"நோன்பு பிடிக்கிறனீங்களோ?"

"ஓம் சேர். முப்பதும்."

"பகல் முழுக்கப் பச்சைத்தண்ணி குடியாமல் இருக்கக்கூடிய ஆள், வயிறு நிறையப் பொங்கல் சாப்பிட்டிட்டுச் சீனி குறைஞ்சு மயங்கினவர் எண்டு எழுதச் சொல்லுறீங்களோ?"

பிரதம லிகிதர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். புத்தளத்து வைத்தியத் துண்டுகள் இடம் மாறி மாறி இருந்ததில் தொலைந்துவிட்டன என்றார் நானா. மன்னாரில் புதிதாகப் பார்த்த இரத்தம், காலையில் வெறும் வயிற்றில் எடுத்தது, ஒரு குறையும் காட்டவில்லை.

"சேருக்குத் தெரியும்" என்று என்னைக் காட்டினார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான், "அப்படி ஏதோ சொல்லுவார். நான் வைத்தியன் இல்லைத்தானே" என்றேன். எழுத்தில் கொடுத்த அறிக்கை அதைவிடச் சுருக்கம். புறப்படும்போது சாதாரணமாக இருந்தார், வழியில் நடத்தையில் மாற்றம் தெரிந்தது, காரணம் எனக்குத் தெரியாது. என் பதவி உயர்வுக் கோப்பு அந்த மாதம் மேலே போயிருந்தது. விருந்துக்குப் போனது, சாரதியைக் கட்டாயப்படுத்தியது, நிறுத்த விடாதது என்று ஒன்றும் அந்தக் கோப்புக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

குடித்தார் என்று எவரும் எழுதவில்லை. வாகனம் ஓட்டத் தகுதியற்றவர் என்று மட்டும் எழுதி, சாமான்கள் கிடக்கும் வளவுக்குக் காவலாளியாகப் போட்டார்கள். எழுதாததை மற்றவர்கள் சொன்னார்கள். ஒரு கிழமைக்குள் அது தாராபுரம் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் என் விடுதிக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"சேர், நான் அண்டைக்கு நீங்கள் சொன்னாலும் நிப்பாட்டியிருக்கவேணும். ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்தது நான். பிழை என்னிலயும் கிடக்கு. வேலையைப் பற்றிக் கேட்க வரேல்ல."

"பின்ன?"

"கந்தோருக்கு எழுதினது எழுதினதுதான். ஒருக்கா எங்கட ஊருக்கு வந்து, பள்ளிவாசல் தலைவரிட்ட ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, இவர் குடிக்கேல்ல எண்டு. நீங்கள் பக்கத்தில இருந்தனீங்கள். நீங்கள் வேற ஆள், பெரிய ஆள். நீங்கள் சொன்னால் நம்புவினம்."

"வெள்ளிக்கிழமை வாறன் நானா" என்றேன்.

வெள்ளிக்கிழமை போனேன் என்றும் சொல்லலாம். சட்டை மாற்றி, மோட்டார் சைக்கிளில் தாராபுரம் திரும்பும் சந்திவரை போனேன். ஜும்ஆ முடிந்து சனம் வந்துகொண்டிருந்தது. குடிக்கவில்லை என்றால் பின்னே என்ன நடந்தது என்று தலைவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு என் அறிக்கையில் எழுதிய பதிலும் இருந்தது, உண்மையான பதிலும் இருந்தது. இரண்டையும் யோசித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்பி வந்துவிட்டேன்.

அவர் மறுபடி கேட்கவே இல்லை. வளவுக்குப் போகும் நாட்களில் படலையைத் திறந்து, "வாங்கோ சேர்" என்பார். ஒருநாள் பத்தேகாலுக்கு அங்கே நின்றேன். மணி அடித்தது. டின்னைத் திறந்தார். என் பக்கம் நீட்டவில்லை. எட்டு மாதத்தில் எனக்குப் பதவி உயர்வும் வவுனியாவுக்கு மாற்றமும் வந்தன.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் காய்ச்சலில் காலமானார் என்று பழைய லிகிதர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். நான் ஓய்வு பெற்று, செய்வதற்கு ஒன்றுமில்லாமல், அந்த ஜீப்பின் முன்னாசனத்தில் மனத்தால் அடிக்கடி போய் இருக்கிறவன். இந்த வருடம் பேருந்தில் மன்னாருக்கு வந்து, தாராபுரத்தில் வீட்டை விசாரித்துப் போனேன். அவருடைய மனைவி என்னை அடையாளம் கண்டார். முப்பது வயதளவில் ஒரு மகள், ஆசிரியை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தாய்க்குப் பக்கத்தில் நின்றாள்.

வழியெல்லாம் சொல்லிப் பழகிவந்ததை நேராகவே தொடங்கினேன். "நான் ஒண்டு சொல்ல வந்தனான் அம்மா. அவர் அண்டைக்குக் குடிக்கேல்ல."

"ஆர் குடிச்சது?" என்று மகள் கேட்டாள்.

தாய் கண்ணை மூடிக்கொண்டார்.

"உம்மா, வாப்பாவைப் பற்றி இப்பிடியொரு கதை இருந்ததோ?"

"அப்ப நீ விடுதியில நிண்டு படிச்சனி" என்றார் தாய். பிறகு என்னைப் பார்த்து, "இவளுக்குத் தெரியாமல் வைச்சிருந்தம் சேர். இவ்வளவு காலமும்" என்றார்.

அதற்குப் பிறகு பாதியில் நிறுத்த வழி இருக்கவில்லை. பந்தலில் நான் சொன்ன வார்த்தை, மணியை நிறுத்தச் சொன்னது, அறிக்கை, சந்தியில் இருந்து திரும்பியது, எல்லாவற்றையும் மகளுக்குச் சொன்னேன். முடிந்ததும் அவள் சொன்னாள்:

"அதுதான் வாப்பா பிறகு ஒரு கலியாண வீட்டுக்கும் போகாதவர். மற்ற ஆக்களோட ஒரு சஹனில இருந்தே சாப்பிடேல்ல. வருத்தத்தாலயெண்டுதான் நான் நினைச்சிருந்தனான்."

"கை நடுங்கினால் ஆரும் சிரிப்பினம் எண்டு போறேல்ல" என்றார் தாய்.

பள்ளித் தலைவரிடம் இப்போதாவது போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"அண்டைக்குக் கதைச்ச ஆக்கள் பாதிப்பேர் மௌத்தாகிப் போயிட்டினம்" என்றாள் மகள். "இருக்கிற பெடியளுக்கு அந்தக் கதையே தெரியாது. நீங்கள் போய் இல்லையெண்டு சொன்னால்தான் இப்ப தெரியவரும்."

நான் எழும்பிவிட்டேன். வாசல்வரை வந்த மகள், "சேர், கந்தோருக்கு எழுதினீங்கள்தானே. இதையும் எழுதுங்கோ. அப்பிடி ஒரு வருத்தம் கிடக்கு, சாப்பிட்டாப் பிறகும் சீனி விழும், அது குடிவெறியில்லையெண்டு நாலு பேர் வாசிக்கட்டும்" என்றாள்.

தாய் உள்ளே இருந்தபடியே சொன்னார்: "எழுதுறதெண்டால் எழுதுங்கோ சேர். அவர்ர பேரைப் போட வேண்டாம். உங்கட பேரைப் போடுங்கோ."

அப்படியே செய்திருக்கிறேன்.